ஜாதிக்காய் போட்ட ஸ்ரீகண்ட்

பூனாவில் மதியம் ஒன்று முதல் நான்கு வரை சாமியே வந்து மணியடித்தாலும் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள் என்று அப்பா சொல்வார். எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன்கூட அந்த நேரத்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருப்பார். விழித்திருந்தது என் அம்மா ஒருத்திதான். அவள் கையில் காபி இருக்கும்.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பி பிறந்து நான்கே மாதம் இருந்துவிட்டு, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டிருந்தான். அதற்குப் பிறகுதான் அம்மாவுக்குக் காபிப் பித்துப் பிடித்தது. காலையில் இரண்டு, பதினொரு மணிக்கு ஒன்று, சாப்பிட்ட கை காய்வதற்குள் இன்னொன்று. ராத்திரிக்கும் டிகாக்ஷன் எடுத்து வைத்துக்கொள்வாள். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஃபோன் செய்த உறவெல்லாம் காபியைத்தான் திட்டியது. சாகண் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அப்பாவும் தினம் ஒரு தரம் சொல்வார்: “அந்தக் காபியக் கொஞ்சம் கொறச்சீன்னா தூக்கம் தானா வரும்.” அம்மா தலையாட்டுவாள். அவர் படியிறங்கியதும் பாலை அடுப்பில் வைப்பாள். பழி போடக் காபி வசதியாக இருந்தது. அது எதிர்த்துப் பேசாதல்லவா?

நானும் நம்பினேன். அம்மாவைத் தூங்கவைக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மராட்டியர்களின் புத்தாண்டான குடி பாட்வா வந்தது. எங்கள் வீட்டில் அந்த வருடம் எந்தப் பண்டிகையும் இல்லை. அப்பா விடுமுறையும் வேண்டாமென்று வேலைக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு மராட்டிய அம்மாளை நான் காகு என்று கூப்பிடுவேன். அவர் என்னை உள்ளே அழைத்து ஸ்ரீகண்ட் கொடுத்தார். கெட்டித் தயிரும் சர்க்கரையும் குழைத்து, ஜாதிக்காய் உரசிப் போட்டது. ஜாதிக்காய் தூக்கத்தைக் கொண்டுவரும், இதைத் தின்றுவிட்டுத்தான் இன்றைக்கு ஊரே உருண்டு கிடக்கிறது என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நான் விடுவேனா? அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கேட்டேன், ஜாதிக்காய் கூடுதலாக. காகுவின் சிரிப்பு நின்றுவிட்டது. என் தலையைத் தடவிவிட்டு, மேலே இன்னும் கொஞ்சம் உரசிப் போட்டார்.

அம்மாவுக்கு நானே ஊட்டினேன். எனக்காகத்தான் வாயைத் திறந்தாள். கிண்ணம் பாதியானபோது சுவரில் சாய்ந்தாள், அப்படியே பாயில் சரிந்து தூங்கிப்போனாள். அவளுடைய ஃபோனைத் தலையணைக்கடியில் புதைத்துவிட்டு, மூன்று மணி நேரம் வாசற்கதவோரம் காவல் இருந்தேன். எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

நாலரைக்கு அம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். “ஏங்கண்ணு, இத்தன நேரம் எழுப்பாம உட்டுட்ட? தம்பிக்குப் பசிக்குமல்ல?” என்றபடி சமையலறைக்கு ஓடினாள். பால் புட்டியைக் கொதிக்கவைக்கத் தண்ணீர் ஏற்றினாள். மேல்தட்டில் புட்டியைத் தேடிய கை பாதியில் நின்றது. அதை அப்பா என்றைக்கோ யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து, அதே தண்ணீரை ஃபில்டரில் ஊற்றினாள். நான் பட்ட பாடெல்லாம் ஒரு டம்ளரில் வீணாகிறதே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

சாயங்காலம் அப்பா ஷூவைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்ச் சொன்னேன்: “அம்மா மூணு மணி நேரம் தூங்குச்சுப்பா!” அவர் முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து வந்த அம்மா அவரைப் பார்த்துச் சொன்னாள்: “தூங்கி எந்திரிச்சா அவன் இருக்கறான்னு நெனச்சுப்போடறேனுங்க. அப்பறம் மறுக்காவும் போயிர்றான்.” அப்பா கழற்றிய ஒரு ஷூவைக் கையில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் காபியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு காகு வீட்டுக்குப் போனேன். இன்னும் கொஞ்சம் ஸ்ரீகண்ட் வேண்டும் என்றேன், ஜாதிக்காய் நேற்றைவிடக் கூடுதலாக. ஒரு நாள் மருந்து போதவில்லை என்றுதான் நினைத்தேன்.