மோதி பாக் வெயில்

இன்று ஜனக்புரி வீட்டில் என் மகள் ஹீட்டரின் மேல் ஆரஞ்சுத் தோலை வைத்தாள். அந்த வாசனை என்னை மோதி பாக்கில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டது. அதை இடித்து அடுக்குமாடி கட்டிப் பல வருடங்களாகின்றன.

அப்போது எனக்கு ஏழு வயது. திருநெல்வேலியிலிருந்து வடக்கே வந்து முதல் குளிர்காலம். தண்ணீரில் கை வைத்து வைத்து அம்மாவின் விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. இந்தி தெரியாததால் பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. ஒரு நாள் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு அழுதாள்.

"என்னால முடியல. பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருதேன்."

அப்பா மறுப்புச் சொல்லாமல் டிக்கெட் எடுத்து வந்தார்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வாரமாக மூடியிருந்த பனி விலகியது. அப்பா கயிற்றுக் கட்டிலை வாசல் புல்தரையில் போட்டார். அம்மா முதுகை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். எதிர்வீட்டுப் பஞ்சாபி அக்கா அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, கடுகெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, "அச்சா, அச்சா" என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே தேய்த்துவிட்டாள். அப்பா எனக்கு ஆரஞ்சு உரித்துத் தந்தார்; உரித்த பட்டாணியில் பாதியையும் நாங்கள் பச்சையாகவே தின்றோம். நிழல் நெருங்க நெருங்கக் கட்டிலை நகர்த்திக்கொண்டே அம்மா சாயங்காலம்வரை அங்கேயே இருந்தாள்.

உள்ளே வந்ததும் அப்பாவிடம், "டிக்கெட்ட மார்ச்சுக்கு மாத்திருங்க" என்றாள்.

மார்ச் வந்தது. அம்மா கேட்கவில்லை. அப்பாவும் ஞாபகப்படுத்தவில்லை.