மஞ்சள் தடவிய நோட்டீஸ்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் நானும் மனைவியும் மிக்ஸிக் கடை திறந்தோம். நோட்டீஸ் மட்டும் போதாது, கேபிள் டிவியிலும் விளம்பரம் வர வேண்டுமென்று அடம்பிடித்தவன் நான்தான். படத்துக்குக் கீழே எழுத்து ஓடியது: "வீடு தேடி வரும் நோட்டீசைப் பாருங்கள், குடும்பத்துடன் வாருங்கள்!" அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன்.

மங்களகரமாக இருக்கட்டுமென்று மனைவி எல்லா நோட்டீஸ்களின் மூலைகளிலும் மஞ்சள் தடவினாள். ஊரிலும் பக்கத்து மம்சாபுரத்திலும் வீடு வீடாகப் போய்க் கொடுத்தோம்.

திறப்பு நாளன்று காலையிலேயே வாசலில் கூட்டம். மம்சாபுரத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். "பாத்தியா கேபிளோட பவர!" என்று மனைவியிடம் கத்தினேன். பிறகுதான் கவனித்தேன், பெண்கள் எல்லோரும் பட்டுச்சேலையில் இருந்தார்கள். முன்னால் நின்றவர் கேட்டார்: "பந்தி எங்க தம்பி?"

மஞ்சளைப் பார்த்ததும் விசேஷப் பத்திரிகை என்று நினைத்துவிட்டார்கள். எழுத்தை யார் படித்தார்கள்!

ஓடிப்போய் ஹோட்டலில் இருந்த இட்லி அத்தனையும் வாங்கி வந்தேன். மனைவி புது மிக்ஸி ஒன்றைப் பிரித்துச் சட்னி அரைத்தாள்.

சாப்பிட்டுக் கைகழுவிய ஒரு பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சட்னி அம்புட்டு நைசா இருக்கு. ஆமா, பொண்ண எங்க காணோம்?"

மனைவி மிக்ஸியைத் தட்டிக் காட்டினாள். "இதான்க்கா பொண்ணு. ஒங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீகளா?"