பண்டிகை இல்லாத வருடத்தில் ஒரு ஃபுட்பால்

என் கணவர் இறந்த வருடம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. பொங்கலும் கிடையாது என்று சொல்லாமலே முடிவாகியிருந்தது. அமெரிக்காவில், டெக்ஸாஸின் ரிச்சர்ட்சனில் எங்களைச் சுற்றி இருந்த தமிழ்க் குடும்பங்கள் வேறு எதில் முட்டிக்கொண்டாலும் துக்கம் காப்பதில் மட்டும் ஒற்றுமையாக இருப்பார்கள். தீபாவளியன்று ஒருவரும் ஃபோன் செய்யவில்லை. வாய் தவறி வாழ்த்துச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். பண்டிகை இல்லாத வீட்டுக்கு மற்றவர்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதும் அதே வழக்கத்தில் உள்ளதுதான். அது மட்டும் விமானம் ஏறும்போது ஊரிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது.

ஆனால் ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் காலேஜ் ஃபுட்பால் இறுதி ஆட்டம் பண்டிகையா, இல்லையா? இதற்குப் பஞ்சாங்கத்தில் பதில் இல்லை. எங்கள் ஆட்கள் அவர்களாகவே ஒரு பதிலை முடிவு செய்துகொண்டார்கள்.

என் கணவருக்கு ஃபுட்பால் பைத்தியம். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை; ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுவார்களே, அது. எம்.எஸ். படிக்க வந்த இடத்தில் பிடித்தது. வேலை, வீடு, குழந்தை என்று எல்லாம் வந்த பிறகும் விடவில்லை. இறுதி ஆட்டத்தன்று அவரோடு டெலிகாம் கம்பெனியில் வேலை பார்த்த நண்பர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் கூடுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஆட்டத்தின் விதிகூடத் தெரியாது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இவர் நடத்தும் கச்சேரிக்காகத்தான் வருவார்கள்.

அதற்கு அவர் வைத்திருந்த பெயர் முன்னோட்டம். டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, ரிமோட்டை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பார். எங்கள் மகள் தன் டேப் ரெக்கார்டரோடு தரையில் உட்கார்ந்திருப்பாள். அந்தந்த வருடம் ரேடியோவில் கொடிகட்டிப் பறந்த பாட்டுகளில் ஒரு டீமுக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. பாட்டை ஓடவிட்டு, அதை வைத்தே டீமின் ஜாதகத்தைச் சொல்வார் இவர். வீட்டில் என்னிடம் பேசும்போது அடங்கியிருக்கும் திருநெல்வேலித் தமிழ் அப்போது கட்டவிழ்த்துக்கொண்டு வரும்.

"இந்த ஆரஞ்சு டீம் இருக்கே, இது பல்லவி மட்டும் உள்ள பாட்டு வே. மொதல் கால்மணி நேரம் எல்லாரையும் எந்திரிச்சு ஆட வச்சிருவான். சரணத்துல ஒண்ணும் கெடையாது. கடைசியில அதே பல்லவிய சுருதி ஏத்திப் பாடுவான். சுருதி ஏறிட்டா சனம் ஏமாந்துரும்னு நெனைப்பு."

ஐந்து பையன்கள் சேர்ந்து பாடும் குழுக்கள் அப்போது மழைக்காளான் மாதிரி முளைத்திருந்தன. மகளின் அறைச் சுவர் முழுக்க அவர்கள்தான். அதையும் விடமாட்டார்.

"ஒருத்தன் பாடுதான், மத்த நாலு பேரும் கைய நீட்டிட்டு நிக்கானுவ. இவனுவளுக்கு எதுக்குச் சம்பளம்னு கேக்காதிய. அந்த நாலு பேரு விலகுனா, பாடுதவன் சட்டையக் கிழிச்சிருவாளுவ. பந்து எறியுதவனுக்கு முன்னால நிக்க தடியனுவளும் அப்படித்தான். எறியுதவன் பேரு பேப்பர்ல வரும், இவனுவ முட்டி தேஞ்சு போகும்."

நான் ஹாலோடு ஒட்டிய திறந்த அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பேன். பாதி காதில் விழும். எக்ஸாஸ்ட் ஃபேன் பாதியைத் தின்றுவிடும். உண்மையைச் சொன்னால் எனக்கு ஃபுட்பாலும் பிடிக்காது, அந்தப் பாட்டுகளும் பிடிக்காது. ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லி அழுகிற பாட்டு எனக்கு எதற்கு? ஆனால் ஹாலில் எழும் சிரிப்புப் பிடிக்கும். அதற்காக எத்தனை பஜ்ஜி வேண்டுமானாலும் போடலாம்.

ஆகஸ்ட் மாதம், டெக்ஸாஸ் வெயில் கொளுத்தும் மத்தியானம், ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் காரில் ஏறி உட்கார்ந்தவர் அதை ஸ்டார்ட் செய்யவே இல்லை. மாரடைப்பு. அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் என்று எண்ணவே முடியவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கராஜ் கதவு உறுமிக்கொண்டு திறக்கும். நானும் மகளும் ஒரே நேரத்தில் நிமிர்வோம். நிமிர்ந்ததை மற்றவள் பார்த்துவிடக் கூடாது என்று உடனே குனிந்துகொள்வோம். அவருடைய காரை எடுத்தால் ரேடியோ தானாகவே மகளுக்குப் பிடித்த ஸ்டேஷனில் பாட ஆரம்பிக்கும். காய்கறி வாங்கப் போகிற வழியெல்லாம், பின்சீட்டில் அவர் உட்கார்ந்து தாளம் போடுகிறார் என்று எனக்குத் தோன்றும். கண்ணாடியில் பார்க்க மாட்டேன். இல்லை என்று தெரிந்துவிடுமே.

மகள் அழவில்லை. இறுதிச் சடங்கு நடந்தபோதும் அழவில்லை, பிறகும் அழவில்லை. பதிமூன்று வயது. ஸ்கூலுக்குப் போனாள், வந்தாள், போட்டதைச் சாப்பிட்டாள். எப்போதும்போல் நான் தமிழில் கேட்டதற்கு இங்கிலீஷில் பதில் சொன்னாள். அப்பா என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. நானாக எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

டிசம்பர் வந்ததும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ரெக்கார்ட் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருப்பாள். ஒரு கேசட் நிறையும், அடுத்தது வரும். இரண்டு டீமுக்கு இரண்டு பாட்டு தேட இவ்வளவு பாடா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஒருநாள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"தே ஆர் கமிங், ரைட்? ஃபார் த கேம்?"

"வருவாங்க. ஏன் வராம?" என்றேன். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வழக்கம்தானே, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டுக்குப் பிறகு அவர் இருந்த உலகத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அன்றைக்கு யாரும் வராமல் போனால் இந்தப் பெண் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வாள், பிறகு நான் எவ்வளவு தட்டினாலும் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஆட்டத்தன்று மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கணவரின் நெருங்கிய நண்பருடைய மனைவி, அடுத்த தெருவில் இருப்பவள். கையில் அலுமினியத் தட்டில் தயிர்சாதம், எலுமிச்சைசாதம். முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க எதுவும் செய்ய வேணாம்னுதான் எடுத்துட்டு வந்தேன். இன்னைக்கு எல்லாரும் எங்க வீட்ல மீட் பண்றாங்க. உங்களுக்கு இந்த வருஷம் எதுவும் கிடையாதுல்ல? அதான் உங்கள டிஸ்டர்ப் பண்ண வேணாம்னு…"

அவளுக்குப் பின்னால் பார்த்தேன். வாசலில் காரில் அவள் பிள்ளைகள், டீமின் சட்டை போட்டுக்கொண்டு. எனக்குப் பின்னால் பார்த்தேன். மாடிப்படியில் என் மகள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துக்கொண்டு பெரியவர்கள் பேசிவிடுகிறார்கள். நன்றாகவே புரியும். திரும்பி மேலே போனாள். கதவு மூடிய சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது. அதுதான் என்னைப் பிய்த்தது.

வந்தவள் போனதும் அவள் கணவருக்கு, அந்த நண்பருக்கு, ஃபோன் போட்டேன். எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது.

"ஃபுட்பால எந்தப் பஞ்சாங்கத்துல பண்டிகைன்னு போட்டிருக்கு?"

"அண்ணி… அப்படி இல்ல அண்ணி. சத்தமா இருக்கும், சிரிப்போம். அண்ணன் போய் ஆறு மாசம்கூட ஆகல. ஊர்ல கேட்டா தப்பா நினைப்பாங்க."

"ஊர்ல யாருக்கு ஃபுட்பால் தெரியும்? உங்களுக்கே தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளும் போயாச்சு. பேசாம எல்லாரையும் கூட்டிட்டு இங்க வாங்க."

 "பாப்பாவுக்காகவா அண்ணி?" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஆமா" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் இப்படிப்பட்ட தவறுகளைச் செய்கிறார்கள்.

சாயங்காலம் வந்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் மாதிரியே வந்தார்கள். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். பிள்ளைகளின் டீம் சட்டைமேல் ஸ்வெட்டரை மாட்டி மறைத்திருந்தார்கள். அவருடைய நாற்காலியைச் சுற்றி வளைந்துபோய்த் தரையில் உட்கார்ந்தார்கள். டிவியில் பச்சைப் புல், பேண்ட் வாத்தியக்காரர்கள், கைகொட்டும் கூட்டம். சத்தத்தை வைக்க யாருக்கும் கை வரவில்லை.

நான் மாடிக்குப் போய்க் கதவுக்கு வெளியே நின்று, "எல்லாரும் வந்தாச்சு. முன்னோட்டம் யார் சொல்றது? எனக்கு எந்த டீம் எந்தக் கலர்னுகூடத் தெரியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து டேப் ரெக்கார்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். நேராக டிவிக்கு முன்னால் போய் நின்றாள். ரிமோட்டை எடுத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க வே" என்றாள்.

 ஒரு முழுத் தமிழ் வாக்கியம் பேசாத பெண். குரல் அவளுடையது, அந்த இழுப்பு, அந்த 'வே', நடுவில் மூச்சு வாங்கும் இடம் எல்லாம் அவருடையவை. பாட்டைப் போட்டாள், நிறுத்தினாள், பேசினாள். இந்தச் சிவப்பு டீமுக்குச் சரணம் இருக்கு, பல்லவி இல்ல, மெதுவாத்தான் புடிக்கும், புடிச்சா வாரம் பூரா வாயில நிக்கும் என்றாள். நீலத்துக்காரன் வீடியோல நல்லா ஆடுதான், மேடையில வாயசைக்கான் என்றாள். முதலில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு நண்பர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவரைத் தொடர்ந்து எல்லோரும். நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். காலியாகத்தான் இருந்தது. காலியாக இருக்கிறது என்பதை அன்றைக்கு நம்ப முடியவில்லை.

இரண்டாவது பாட்டும் முடிந்தது. மகள் ரிமோட்டைப் பிடித்தபடியே நின்றாள். யாரும் நகரவில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். எனக்குத்தான் எதற்கென்று புரியவில்லை.

"அவ்வளவுதானே? மேட்ச் ஆரம்பிக்கப் போகுது" என்றேன்.

நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

"தேர் இஸ் ஒன் மோர். மூணாவது பாட்டு. அது அப்பா பிக் பண்றது. இட்ஸ் ஃபார் யூ."

"எனக்கா?"

"ஆமா அண்ணி" என்றார் நண்பர். "வருஷா வருஷம் போடுவார். ரெண்டு டீமுக்கும் முடிச்சுட்டு, 'இது அடுப்படிக்கு'ன்னு சொல்லி ஒரு பாட்டு. நாங்க எல்லாரும் திரும்பி உங்க முதுகைப் பார்ப்போம். நீங்க ஒரு தடவையாவது திரும்புவீங்கன்னு பார்ப்பார்."

"ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கும்" என்றேன். 

"ஐ லிஸன்ட் டு எவ்ரிதிங், அம்மா" என்றாள் மகள். உதடு கோணிக்கொண்டது. "டூ சாங்ஸ் வேர் ஈஸி. ஒரே நாள்ல முடிச்சுட்டேன். இது மட்டும்… அப்பா எதைப் போட்டிருப்பார்னு ஐ டோன்ட் நோ. ஐ டோன்ட் நோ விச் ஒன்."

அத்தனை கேசட்டுகளும் எனக்காகத் தேடியவை. ரிமோட் கீழே விழுந்தது. ஆகஸ்டிலிருந்து தேக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அவருடைய நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். யாரோ டிவியின் சத்தத்தை வைத்தார்கள். நாங்கள் அழுவது மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்ற மரியாதை. முதல்முறையாக ஒரு ஃபுட்பால் ஆட்டத்தை முழுக்க ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் விளங்காமல்.

மகள் இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அந்த மூன்றாவது பாட்டைப் பற்றி நாங்கள் மறுபடி பேசியதில்லை. அந்த வருடத்துப் பாட்டுகள் மட்டும் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பல் டாக்டரின் அறையில், ஏர்போர்ட்டில், காய்கறிக் கடையில், தலைக்கு மேலே எங்கிருந்தோ வரும். அதை அவர் டிசம்பரில்தான் தேர்ந்தெடுப்பார் என்று நண்பர் சொன்னார். அதனால் அவர் போன பிறகு வந்த, அவர் காதில் விழவே விழாத பாட்டாகவும் அது இருக்கலாம். கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறேன். சில பாட்டுகள் சகிக்கவே முடியாது. "இதையா போட்டிருப்பீங்க?" என்று மனதுக்குள் கோபமாகக் கேட்கிறேன். கேட்டுவிட்டு, முடிகிறவரை நிற்கிறேன்.