கோடரிக்கு மாற்றாக ஒரு போத்தல் தூள்

ஜெர்மனியின் பீலெஃபெல்டு நகருக்கு வெளியே காட்டோரமாக ஒரு புல்வெளி. சனி ஞாயிறுகளில் அங்கே சில ஜெர்மன்காரர்கள் அமெரிக்கக் காட்டை வெட்டிக் குடியேறிய அந்தக் காலத்து ஆட்களாக மாறிவிடுவார்கள். வாரநாட்களில் காப்புறுதி அலுவலகத்தில் இருப்பவர்தான் தலைவர். இங்கே தோல் சட்டையும் தாடியுமாக உலாவுவார். கைபேசி, கைக்கடிகாரம், ஜிப் வைத்த உடுப்பு எல்லாம் வாசலிலேயே பறிமுதல்.

நான் சேர்ந்தது ஒரே ஆசையில்: மரம் வெட்டி, உருட்டி அடுக்கி, ஆணியே இல்லாமல் ஒரு குடிசை கட்ட வேண்டும். ஆனால் புதிதாக வருபவர் முதல் நாள் எல்லோருக்கும் சமைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ருசித்தால் கோடை முழுக்க அடுப்படி. ருசிக்காவிட்டால் கோடரி.

தோற்றால் போதும்; இதைவிடச் சுலபமான பரீட்சை எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட வந்ததில்லை. அவரை விதை கொதித்த இரும்புப் பானைக்குள், அம்மா வறுத்து இடித்த கறித்தூளை அள்ளி அள்ளிக் கொட்டினேன். தலைவர் மூக்கைச் சுருக்கினார்.

“குடியேறிகளிடம் இதெல்லாம் ஏது?”

“மிளகாய் அமெரிக்காவில் பிறந்தது. உங்கள் தாடியைவிட அசல்,” என்றேன்.

முதல் கரண்டியிலேயே அவர் முகம் சிவந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. கோடரி எனக்குத்தான்! அவரோ தட்டை நீட்டினார்: “இன்னும்.” அவரிடம் தோற்கக் கூடாதென்று மற்றவர்களும் நீட்டினார்கள். ஜெர்மன்காரருக்கு உறைப்பே ஆகாது என்று நம்புகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அவர்கள் பானையை ரொட்டியால் துடைத்தார்கள்.

“அடுப்படி உனக்குத்தான்,” என்றார் தலைவர், விக்கலோடு.

ஞாயிறு மத்தியானம் அம்மா என்னைக் கூட்டிப்போக வந்தார்.

“என்னடி முகம் வாடிக்கிடக்கு? பட்டினியோ?”

“உங்கட தூள் என்னைக் குசினிக்குள்ள தள்ளிப்போட்டுது அம்மா.” கதையைச் சொன்னேன்.

“எவ்வளவு போட்டனி?”

“முழுப் போத்தலும்.”

“விசரி!”

அதற்குள் தலைவரே வந்து, தொப்பியைக் கழற்றி, அந்தத் தூள் இன்னும் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஜெர்மன் மொழியில், “ஓம், தருவன். மாத்துக்கு என்ன தாறீங்கள்?”

தலைவர் பூரித்துப்போனார். பண்டமாற்று! இதைவிட அசலாக என்ன வேண்டும்? மெழுகுதிரி தருகிறேன் என்றார், மான்தோல் தருகிறேன் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார்.

“என்ர பிள்ளைக்குக் கோடாலி குடுங்கோ.”

“அப்போது யார் சமைப்பது?”

“தூளுக்கு ஆசைப்படுற ஆள்தான்.”

அடுத்த சனிக்கிழமை முதல் மரத்தில் நான் கோடரியை இறக்கியபோது, அடுப்படிப் பக்கமிருந்து பயங்கரமான தும்மல்கள் கேட்டன. தலைவர் சமைத்துக்கொண்டிருந்தார்.