பத்தாவது நிமிடத்தில் கட்டாகும் லைன்

இங்கே ப்ரேமன் நகரத்தில் இன்டர்நெட் லைன் பார்க்க வரும் ஆள், வாசலிலேயே குனிந்து தன் பூட்ஸுக்கு நீல நிற பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்கிறார். நான் நர்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் அந்த உறையைத் தினமும் பார்ப்பவள்தான். ஆனாலும் ஒரு லைன்மேன் அதை மாட்டிக்கொண்டு என் ஒற்றை அறைக்குள் நுழைந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வருவதற்கு மூன்று வாரம் முன்பே 'டெர்மின்' வாங்கியிருந்தேன். டெர்மின் என்றால் முன்கூட்டியே குறித்து வாங்கும் நேரம். இந்த நாட்டில் அது இல்லாமல் பல்வலிகூட வரக்கூடாது. இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்திருந்தேன். வேண்டாம் என்றார். தண்ணீராவது குடியுங்கள் என்றேன். அதுவும் வேண்டாமாம். சமோசாத் தட்டை நீட்டினேன், லஞ்சம் கொடுக்கிறேனோ என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து ஒயரைக் கழற்றினார்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். "ஆல்லஸ் குட்" என்றார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன்: மகள், இந்தியா, வீடியோ, பத்து நிமிடம், முடிந்தது. அவர் தலையாட்டினார். "ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்தானா? நல்ல கட்டுப்பாடு. என் பையன் நாள் முழுக்க அதிலேயே கிடக்கிறான்" என்றார். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்தமுறை புரிந்துகொண்டு, ஒயரைச் சுற்றியபடியே, "அந்தப் பக்கம் யாராவது அணைத்துவிடுகிறார்களோ?" என்று கேட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி மட்டும் என் அறையிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பக்கம் என்றால் திருவொற்றியூர். நான் பிறந்தது வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூரில், எண்ணூர் போகும் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. என் கணவர் சேகர் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வீட்டில் இன்னொருவர் அவருடைய அக்கா கஸ்தூரி, என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி ஆறு வருஷம் குழந்தை இல்லை என்று சொல்லி அண்ணியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தம்பி வீட்டில்தான் இருக்கிறார். தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது என் மகள் ரோஷினிக்கு நான்கு வயது. "நீ போய்ட்டு வா மா, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று அண்ணி சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் விமானம் ஏறினேன். அதை நான் மறந்துபோன கதைதான் இது.

முதல் வருஷம் முடிந்து இருபது நாள் லீவில் போனபோது, மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு மோடம் வாங்கக் கிளம்பினேன். முகம் தெரியாத போனில் குழந்தை பேசமாட்டாள். "ம்", "ஆங்", அவ்வளவுதான். அவளுக்கு என் முகம் தெரிய வேண்டும், எனக்கு அவள் முகம். அப்போது எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. மாமனார் பேரில் ஒரு பழைய லேண்ட்லைன் இருந்தது. அந்த ஒயரிலேயே வரும் டிஎஸ்எல் இன்டர்நெட் வாங்கலாம் என்றார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் இரண்டு மோடத்தை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு இரண்டு ஆன்டெனா, இன்னொன்றுக்கு நான்கு.

"ரெண்டு கொம்பு போதும்கா. நம்ம வூடு இன்னா அரண்மனையா? ஒரு ரூமு, ஒரு ஹாலு. ஆனா இத காத்தாட வெய்யி, அவ்ளோதான்."

எனக்கு அந்த யோசனையெல்லாம் காதில் ஏறுமா? வெளிநாட்டுச் சம்பளக்காரி அல்லவா! "நாலு கொம்பே குடுங்க" என்றேன். கொம்புக்கு ஏற்றபடி பாசம் கூடுதலாகப் போய்ச் சேரும் என்று நினைத்தேனோ என்னவோ.

லைன்மேன் வந்து, டெலிபோன் ஒயரை ஒரு சின்ன வெள்ளை டப்பாவில் சொருகி, அதிலிருந்து ஒன்றை போனுக்கும் ஒன்றை மோடத்துக்கும் பிரித்தார். டிஎஸ்எல் என்று எழுதியிருந்த விளக்கு வெகுநேரம் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. ரோஷினி கைதட்டினாள். அண்ணி கதவோரம் நின்று, "இம்மாந்துண்டு டப்பாலயா ஜெர்மனி தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க அதைச் சாமி படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பகுதித் தூசியைப் பற்றி அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கரி லாரியும் கன்டெய்னர் லாரியும் ஓடும் ஊர். காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பு மதியத்துக்குள் கறுத்துவிடும். வெள்ளைச் சட்டையை மாடியில் காயப்போட்டால் சாம்பல் சட்டையாகத் திரும்பி வரும். ஆகவே எங்கள் வீடுகளில் எதையும் அம்மணமாக விடுவதில்லை. டிவிக்குத் துணி, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் கவரும் ரப்பர் பேண்டும். இங்கே ப்ரேமனில் என் புத்தக அலமாரியை இரண்டு வாரம் துடைக்காமல் விட்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. வயிறு எரிந்தது. இவர்களுக்கு மட்டும் காற்றைக்கூடச் சலித்துக் கொடுக்கிறார்களா என்று கோபம் வந்தது.

நான் திரும்பி வந்ததும் தினமும் பேசினோம். காலை ஷிப்ட் முடிந்து எனக்கு மூன்று மணி ஆகும்போது அங்கே ஏழரை. சேகர் யார்டிலிருந்து வர ஒன்பதாகும். அண்ணிதான் போனைப் பிடித்துக் கொடுப்பார். முதல் ஐந்து நிமிடம் ரோஷினி வெட்கப்படுவாள். அப்புறம்தான் பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுப் பூனை என்று கதை கிளம்பும். அந்த நேரம் பார்த்து, பத்தாவது நிமிடமோ பன்னிரண்டாவது நிமிடமோ, அவள் வாய் திறந்தபடியே உறைந்துபோகும். லைன் கட். மறுபடி அடித்தால் கிடைக்காது. அரை மணி நேரம் கழித்துக் கிடைக்கும்போது, "சாப்டுகினு கீறா மா", "தூங்கிட்டா மா" என்று அண்ணியின் குரல். ஒருநாள் கட்டாவதற்கு முன் ரோஷினி திரும்பி, "கஸ்தூரிம்மா, தண்ணி" என்றாள். அத்தை இல்லை, கஸ்தூரிம்மா. எனக்கு நெஞ்சில் முள் தைத்தது அன்றைக்குத்தான்.

சேகர் லைன்மேனை இரண்டுமுறை கூட்டிவந்து காட்டினார். இரண்டுமுறையும் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள், கட்டாகவேயில்லை. "லைன் சோக்கா கீது நைனா. ஃபாரின் சைடுலதான் இன்னாவோ பேஜாரு" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். ஃபாரின் பக்கத்தில் ஒன்றுமில்லை என்று நீல உறைக்காரர் மீட்டர் வைத்துக் காட்டிவிட்டார். ஆக, ஆள் வந்து பார்த்தால் கட்டாகாத லைன், நானும் என் பிள்ளையும் பேசினால் மட்டும் கட்டாகிறது. கூட இருப்பது யார்? அண்ணி. சேகர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையும் கட்டாகிறதே என்று மனசாட்சி ஒருபக்கம் சொன்னது. அன்றைக்கும் அண்ணி வீட்டில்தானே இருக்கிறாள் என்று இன்னொரு பக்கம் பதில் சொன்னேன். சந்தேகம் வந்துவிட்டால் கணக்கெல்லாம் சரியாகத்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடியோ கட்டானதும், சேகரின் செல்லுக்குச் சாதாரண கால் போட்டேன்.

"மாமா, உங்க அக்காதான் ஸ்விட்ச ஆஃப் பண்றாங்க."

"இன்னா பேசற வசந்தி? அது எதுக்கு ஆஃப் பண்ணப்போவுது?"

"எதுக்கா? என் முகமே ரோஷினிக்கு மறந்துபோவணும், அதுக்குத்தான். புள்ள பெக்காதவளுக்கு என் புள்ள கேக்குதா?"

அந்தப் பக்கம் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது எனக்குக் கேட்டது. சேகர் எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், பாழாய்ப்போன அந்தப் பழக்கம் எனக்குத் தெரியாததா? "வெய்யி போன" என்றார் சேகர். வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து லைன் கட்டாகவில்லை! முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம், ரோஷினி பாட்டெல்லாம் பாடிக் காட்டினாள். நான் என்ன நினைத்திருப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள். பார்த்தாயா, கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் கேரளத்து நர்ஸிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன், "ஒரு அதட்டல் போட்டேன், சரியாயிடுச்சு" என்று. அடிப்பாவி என்று இன்றைக்கு என்னை நானே சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த லீவில் திருவொற்றியூர் போனேன். வீடு வழக்கம்போலப் பளிச்சென்று இருந்தது. டிவிமேல் புதுத் துணி, மிக்ஸிக்குப் புது உறை. அலமாரிமேல் மோடம் மட்டும் கரி படிந்து கறுப்பாக உட்கார்ந்திருந்தது. நான்கு கொம்பிலும் தூசி. அந்த வீட்டில் துடைக்காத ஒரே பொருள் அதுதான்.

"இத மட்டும் துடைக்கறதில்லையா அண்ணி?"

"அத நான் தொட்றதில்ல மா" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ரோஷினி என்னை இழுத்துக்கொண்டு போய் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தாள். உள்ளே அழகாக மடித்து வைத்த ஒரு உறை. வெளியே அவளுடைய பிறந்தநாள் கவுனில் மிஞ்சிய ரோஸ் துணி, சுற்றிலும் ஃபிரில். தூசி ஒரு பொட்டுகூடப் புகாதபடி உள்ளே கனமான ரெக்ஸின். கொம்புகள் வெளியே வர நான்கு துளை, விளக்கு தெரிய ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜன்னல். "இது மோடத்தோட சட்ட மா. கஸ்தூரிம்மா தச்சிது. லைன்மேன் மாமா வந்தா கழட்டிடும், அவரு நல்லா பாக்கணும் இல்ல? அப்பால மாட்டிடும். நீ திட்டுனல்ல, அன்னிக்கே கழட்டி வெச்சிது, அதுக்கப்புறம் மாட்டவே இல்ல."

ரோஷினியை அடுத்த அறையில் உட்காரவைத்து, என் போனிலிருந்து அவளுக்கே வீடியோ கால் போட்டேன். மோடத்துக்கு அந்தச் சட்டையை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன். பதினோராவது நிமிடம் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டி அணைந்தது. ரெக்ஸினுக்குள் கைவிட்டுப் பார்த்தேன், இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோலச் சுட்டது. மூடிக்கிடந்த டப்பாவுக்கு மூச்சு முட்டியிருக்கிறது. தினமும் எல்லாவற்றுக்கும் உறை போடுகிற அந்த வீட்டில், இதற்கும் உறை இருக்கிறது என்று என்னிடம் சொல்லச் சேகருக்குத் தோன்றவே இல்லை. தட்டில் சோறு இருக்கிறது என்று நான் யாரிடமாவது சொல்வேனா?

உறையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அண்ணி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். "என்ன மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது.

"உடு மா. நீ சம்பாரிச்ச காசுல வாங்குன சாமான், கரி பூந்து கெட்டுப்போவப்போவுதேன்னு தச்சேன். சூடாவும்னு எனக்கு இன்னா தெரியும்?" தலை நிமிரவில்லை.

"நான் அன்னிக்குச் சொன்ன வார்த்தை..."

"எந்த வார்த்த?" என்றார் அண்ணி. நெத்திலித் தலைகளைக் கையால் வழித்துக் குப்பையில் போட்டார். "எனக்கு ஒண்ணியும் ஞாபகம் இல்ல. நீ போய்க் குளி."

திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். ஞாபகம் இல்லை என்று சொன்னால் நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

இங்கே ரோஷினியை அழைத்துவர விண்ணப்பம் போட்டிருக்கிறேன். படிவத்தில் கணவருக்கு ஒரு கட்டம், குழந்தைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. "கஸ்தூரிம்மாவும் வருமா?" என்று ரோஷினி கேட்கிறாள். அலுவலகத்தில் படிவம் வாங்கும் அம்மாவிடம், என் மகளை வளர்ப்பவர் என் கணவரின் அக்கா என்று சொன்னேன். "அப்படியானால் பணிப்பெண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு யார் என்றார். சொல்லிப் பார்த்தேன், அவருக்குப் புரியவில்லை. அண்ணியை என்னவென்று எழுதுவது என்று எனக்கே தெரியாமல் திரும்பி வந்தேன்.

இப்போதும் தினமும் மூன்று மணிக்கு போனை மேசையில் சாய்த்துவைத்து உட்காருகிறேன். நாலரைவரைகூட ஓடுகிறது. அந்த நேரத்தில்தான் அண்ணி ரோஷினிக்குத் தலை வாரிப் பின்னுவார். திரையில் ரோஷினியின் முகமும், பின்னாலிருந்து வரும் அண்ணியின் இரண்டு கைகளும் தெரியும். அண்ணியின் முகம் மட்டும் வராது, போனை அப்படித்தான் வைக்கிறார். போன வாரம் மனசு கேட்காமல், "அண்ணி, நீங்களும் கொஞ்சம் முன்னால வந்து பேசுங்களேன்" என்றேன்.

சீப்புப் பிடித்த கை நின்றது.

"என்கிட்ட பேசிகினு இருந்தா லைன் கட்டாயிடப்போவுது மா" என்றது குரல். "நீ உன் புள்ளைகிட்ட பேசு."

கோபமே இல்லாத குரல். மறுபடியும் கைகள் வேலையைத் தொடங்கின. ரோஷினி அந்தக் கைகளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "சொல்லு மா" என்றாள்.