தம்பியின் காருக்கு அப்பா பூட்டிய வயரிங்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், ஆறுதலாக ஏதாவது எழுதும்படி உறவினர்கள் கேட்டார்கள். என்னிடம் ஆறுதல் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அப்பா. இளம் வயதிலேயே தந்தையை இழந்து, கொழுந்து லோரியில் கிளீனராக ஏறியவர், பின்னர் அதே லோரியின் ஓட்டுநரானார். எங்களை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை.

என் தம்பி பழைய கார் ஒன்றை வாங்கி, வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் வைத்துப் புதுப்பித்து வந்தான். எலி கடித்த வயர்களை உருவி எறிந்துவிட்டு, முழுக் காருக்கும் புதிய வயர்க் கட்டுக்குச் சொல்லியிருந்தான். அது வருவதற்குள் தாப்பா சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். கருமக்கிரியை முடிந்தபின் வயர்க் கட்டுப் பெட்டி வந்தது.

“திருப்பி அனுப்பிடுங்க” என்று அம்மா அழுதார்.

“பையன் ஆசையா வாங்குனதுலா. நானே மாட்டுறேன்” என்றார் அப்பா.

அவருக்கு வயரிங் தெரியாது. ரிங்லெட் பட்டறைக்காரர் குணா அண்ணனிடம் கேட்டுக் கேட்டு, கிளை கிளையாகப் பிரியும் அந்த வயர்க் கட்டை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை இழுத்துக் கட்டினார். ஒருமுறை பிரேக்கை மிதித்தபோது ஹார்ன் அலறியது; தம்பி போன பிறகு அம்மா அன்றுதான் சிரித்தார். அந்த மாதங்களில் அப்பா வேளைக்குச் சாப்பிட்டார். தம்பியைப் பற்றிப் பேசவும் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை இணைத்தார்கள். விளக்குகள் எரிந்தன. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

“ஏறுங்கண்ணே, டவுன் வரைக்கும் போயிட்டு வரலாம்” என்று குணா அண்ணன் கை தட்டினார்.

அப்பா ஏறி அமர்ந்தார். ஸ்டீயரிங்கை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தார்.

“ஓடுது குணா. ஓட்டத்தான் ஆளு இல்ல. இனிமே நான் என்னடா செய்றது?”

அதன்பின் அவர் கொட்டகைப் பக்கமே போகவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இருதய மாத்திரைகளை ஒதுக்கினார். தானா ராத்தா மருத்துவமனையில் நான் கெஞ்சியபோது, “போதும்மா” என்றார். அதுவே அவர் கடைசிப் பேச்சு.

அப்பாவைச் சுமந்தவர்களுக்கும், சமைத்துக் கொடுத்த லயத்து மக்களுக்கும், இறுதிவரை உடனிருந்த குணா அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரை விற்பீர்களா என்று சிலர் அன்போடு விசாரிக்கிறீர்கள். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவதைத் தவறாக எண்ண வேண்டாம். அவரைப் பொறுத்தவரை அந்தக் காரில் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள்.