முப்பத்திரண்டு முனை நட்சத்திரம்

ஜிப்புக்காரிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கடைக்கு வந்த யாராவது ஏடாகூடமாகப் பேசிவிட்டுப் போனால், அவர்கள் கொடுத்த பேன்ட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பழைய ஜிப்பைப் பிரிக்க ஆரம்பிப்பாள். மற்ற நாட்களில் பிளேடை வைத்து ஒரே இழுப்பில் கிழித்தெடுப்பவள் அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு தையலாகப் பிரிப்பாள். பக்கத்துச் சாவிக்கடைக்காரர் அதைப் பார்த்தாலே, "இன்னிக்கு யாரும்மா மாட்டினது?" என்று கேட்பார்.

கடையில் ஒரு மெஷின், ஒரு இஸ்திரி மேசை, உடை மாற்றிப் பார்க்க ஒரு திரை. மூன்று பேர் சேர்ந்து உள்ளே வந்தால் ஒருவர் திரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடித்துத் தைப்பது என்று பதினெட்டு வருஷமாக அதே வேலை. நன்றாகத் தைத்தால் அது யார் கண்ணிலும் படாது. கண்ணில் பட்டால் ஏதோ தப்பு என்று அர்த்தம். அவளுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை, சனிக்கிழமைக் குழுவில் போய்ச் சேரும் வரைக்கும்.

குழு நூலகத்தின் பின்னறையில் கூடும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் துண்டுத் துணிகளைச் சேர்த்துக் குவில்ட் தைப்பார்கள். குழுவுக்குத் தலைவி ஜிப்புக்காரியின் மூத்த ஓர்ப்படி, அதாவது கணவனுடைய அண்ணன் மனைவி. நூலகத்தின் முன்மேசை வேலையும் அவளுடையதுதான். புத்தகம் திருப்பித் தர வருகிறவர்களிலிருந்து கழிப்பறை எங்கே என்று கேட்கிறவர்கள் வரை எல்லாரும் அவள் முன்னால் போய் நின்றாக வேண்டும். அந்த மேசையின் மிடுக்கை அவள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வருவாள். கல்யாண வீட்டில்கூட, யாராவது எதையாவது கேட்டால் முத்திரை குத்துவது போலத்தான் பதில் சொல்வாள்.

"நீயும் வாயேன். எத்தனை நாளைக்கு ஜிப்பையே கட்டிக்கிட்டு அழுவ?" என்று கூப்பிட்டவளும் அவள்தான்.

குழுவில் அந்த வருஷம் காகிதத் தையல். கூர்மையான முனை உள்ள நட்சத்திரம், பறவை, படகு போன்றவற்றைக் கையால் வெட்டிச் சேர்த்தால் முனை மழுங்கிப் போகும். அதற்காக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படத்தைக் காகிதத்தில் வரைந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட வேண்டும். துணியைக் காகிதத்தின் பின்பக்கம் வைத்துக்கொண்டு, முன்பக்கத்துக் கோட்டின் மேலேயே எண் வரிசையில் மெஷினை ஓட்ட வேண்டும். எல்லாம் முடிந்ததும் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டால் துணி மட்டும் நிற்கும்.

"அக்கா, தையல் நீளம் எவ்வளவு வைக்கறது?" என்று ஜிப்புக்காரி கேட்டாள்.

"மூணு வெச்சுக்கோ. சரசரன்னு போகும்."

விரல்களுக்கு அது சரியாகப் படவில்லை. காகிதத்தை இழுக்கும்போது இவ்வளவு நீளத் தையல் தாங்குமா என்று தோன்றியது. ஆனாலும் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் எதிர்க்கேள்வி எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள். பதினெட்டு வருஷம் தைத்த கையை நம்பாமல் ஒரு வார்த்தையை நம்பினோமே என்று பிற்பாடு அவள் தன்னையும் திட்டிக்கொண்டாள். ஓர்ப்படியைத் திட்டிய அளவுக்கு இல்லை.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தை யாரும் வீட்டில் கிழிக்கக் கூடாது. வருஷத்தில் ஒரு நாள், நூலகத்துக்கு வருகிறவர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு, நீள மேசையைச் சுற்றி நின்று எல்லாரும் ஒன்றாகக் கிழிப்பார்கள். ஜிப்புக்காரி கடையிலேயே தைத்து முடித்திருந்த நட்சத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தாள். முதல் காகிதத்தை இழுத்தாள். காகிதத்தோடு நூலும் நெகிழ்ந்து வந்தது. இரண்டாவது முனை கொட்டாவி விடுவது போலத் திறந்தது. மூன்றாவதைத் தொடுவதற்குள் நடுத்துண்டு கழன்று மேசையில் விழுந்தது.

பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "அடடா, இது யாரு தைச்சது?" என்றார்.

"தெரியலீங்க. யாரோ கத்துக்குட்டி," என்றாள் ஓர்ப்படி. "நம்ம ஆளுங்க இப்படித் தைக்க மாட்டாங்க."

சொன்னபோது இருவரின் முழங்கைகளும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டிருந்தன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜிப்புக்காரி கழன்ற துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

கணவன் பஸ் ஓட்டுகிறவன். எதையும் மெதுவாகத்தான் திருப்புவான். "அண்ணி தெரியாம சொல்லியிருப்பாங்க, விடு," என்றான்.

"பக்கத்துல நிக்கறேங்க நான். தெரியாம எப்படி?"

"அந்த மூணு நம்பரைச் சொல்றேன். அவங்களுக்கே தெரியாதோ என்னமோ."

அந்த வார்த்தைதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. நிஜமாகவே தெரியாமல் சொல்லியிருந்தால் யாரை வெறுப்பது? இரண்டு வாரம் ஓர்ப்படியை மனசுக்குள் கூண்டில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். பிறகு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று, ஓர்ப்படிக்கு விடுமுறையான ஒரு நாளாகப் பார்த்து நூலகத்துக்குப் போய்க் காகிதத் தையல் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துவந்தாள். நடுப்பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. அவள் குழுவில் சேர்வதற்கு முந்தைய வருஷத்து விடுமுறை அறிவிப்பைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஓர்ப்படியின் உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது: "தையல் நீளம் ஒன்றரை. இரண்டைத் தாண்டினால் கிழிக்கும்போது பிரியும்."

படித்ததும் அவளுக்குப் பெரிய நிம்மதி வந்தது. சுமந்துகொண்டு திரிந்த கோபத்துக்கு விலாசம் கிடைத்துவிட்டது. சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

போய்ச் சண்டை போட்டிருக்கலாம். அண்ணன் தம்பி நடுவில் புகுந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து முடித்துவைத்திருப்பார்கள். அப்படி முடிவதில் அவளுக்கு விருப்பம் இல்லை. ஊர் பார்க்க "தெரியலீங்க" என்று சொன்ன வாய், ஊர் பார்க்க "என் ஓர்ப்படி தைச்சது" என்று சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான். அது கிடைக்கும்வரை தூக்கம் பிடிக்காது என்று முடிவு செய்துகொண்டாள். தூக்கம் என்னவோ வழக்கம்போல நன்றாகவே வந்தது.

துணிக்குப் பஞ்சமில்லை. பேன்ட் நீளம் குறைக்கும்போது வெட்டி எறியும் கால் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கறுப்பு, சாம்பல், கருநீலம், சாயம் போன ஜீன்ஸ், எப்போதாவது ஒரு மஞ்சள் திரைச்சீலை. ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் நாலு கோடு தைப்பாள். துணியைப் புரட்டும்போது கட்டத்தை மூடாமல் நூலளவு குறையும். பிரிப்பாள். ஓரம் கால் அங்குலம் விடுவதற்குப் பதிலாக ஒட்ட வெட்டுப்பட்டுவிடும். பிரிப்பாள். பிரிக்கும் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முகத்தை நினைத்துக்கொள்வாள். அதனால் அலுப்பே வரவில்லை.

"முழுத்துணியை வெட்டி, வெட்டினதை மறுபடி ஒட்டவா இத்தனை பாடு?" என்றான் கணவன். "கடையில முழுசாவே குடுக்கறாங்களேடி."

"நீங்க காலையில போன இடத்துக்கே சாயங்காலம் திரும்பி வர்றீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

ஒரு வருஷம் போனது. முனை ஊசி போல நின்றது. காகிதத்தை இழுத்தால் வெண்டைக்காய் நுனி ஒடிகிற மாதிரி சுத்தமாக வந்தது, நூல் அசையவில்லை. அந்தச் சமயத்தில்தான் நூலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். நுழைந்ததும் எதிரே தெரியும் பெரிய சுவருக்கு ஒரு குவில்ட் வேண்டும், யார் வேண்டுமானாலும் தைத்துத் தரலாம், நூலகரும் இன்னும் இரண்டு பேரும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்தச் சுவரின் வலது மூலையில் ஓர்ப்படியின் மேசை. இடது மூலையில் கழிப்பறைக் கதவு.

ஜிப்புக்காரி ஒரு நீளவாக்குப் படம் வரைந்தாள். நடுவில் முப்பத்திரண்டு முனை நட்சத்திரம். முப்பத்தொன்று கறுப்பும் சாம்பலும் நீலமும். ஒன்றே ஒன்று மஞ்சள், மற்றவற்றைவிட மூன்று மடங்கு நீளம், வலது கீழ் மூலையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் மாட்டினால் அதன் கூர் நேராக ஓர்ப்படியின் நாற்காலியில் போய் நிற்க வேண்டும். அளவெடுக்க இரண்டு தடவை நூலகத்துக்குப் போய், புத்தகம் தேடுகிறவள் மாதிரி அடி எண்ணி நடந்தாள்.

பாதிக்கு மேல் தைத்த பிறகு கடைக் கதவில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தாள். சாவிக்கடைக்காரரும் வந்து பார்த்தார்.

"அந்த மஞ்சள் எதைக் காட்டுது?"

"நூலகத்து மேசையை."

"நான் போயிருக்கேனே. மேசை வலது பக்கம்ல? இது இடது பக்கம் பாக்குது. பாத்ரூமுக்கு வழி காட்டறதுக்கா இவ்வளவு கஷ்டம்?"

அவர் சொன்னது சரிதான். துணி காகிதத்தின் பின்பக்கம் இருப்பதால் காகிதத்தில் வரைந்தது துணியில் இடவலம் மாறித்தான் வரும். பறவை, படகு தைத்த காலத்தில் அது எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று விட்டிருந்தாள். இப்போது முழுதாக மாட்டிக்கொண்டாள். தலைகீழாகத் திருப்பினால் மஞ்சள் முனை மின்விசிறியைக் காட்டும்.

"விட்டுடும்மா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அவர்.

"எனக்குத் தெரியும்."

புதுக் காகிதங்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சத்தில் கோடுகளைப் பின்பக்கமாக நகலெடுத்தாள். முதல் துண்டிலிருந்து ஆரம்பித்தாள். மேலும் நாலு மாதம். இதற்கு நடுவே ஒருநாள், தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டாள்: ஓர்ப்படி அன்றைக்குத் "தெரியலீங்க" என்று சொல்லாமல் இருந்திருந்தால் இதெல்லாம் கற்றிருப்பேனா? பதில் பிடிக்காததால் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

தேர்வு நாளில் மூன்று குவில்ட்கள் வந்திருந்தன. அதில் ஒன்று சனிக்கிழமைக் குழுவுடையது, பூங்கொத்து. நூலகர் ஜிப்புக்காரியின் நட்சத்திரத்தின் மேல் விரலை ஓட்டிவிட்டுத் தயங்கினார். அன்றைக்குக் காகிதம் கிழித்தபோது நடந்தது அவருக்கு நினைவிருந்தது.

"இழுத்துப் பாருங்க சார்."

இழுத்தார். மற்ற இரண்டு பேரும் இழுத்தார்கள். ஒரு முனைகூட அசையவில்லை. பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது.

சுவரில் மாட்டும்போது நூலகர் ஒரு அட்டையை எடுத்தார். "பேரு எப்படி எழுதணும்மா?"

"பேரு வேண்டாம் சார்."

"என்னம்மா, ஊர்ல அவனவன் பேருக்குத்தான் அடிச்சுக்கறான்."

"கேக்கறவங்க மேசையில கேட்டுக்கட்டும். அக்காவுக்குத் தெரியும்."

மேசையில் ஓர்ப்படியின் கையிலிருந்த முத்திரை புத்தகத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது.

மறுநாளிலிருந்து ஜிப்புக்காரி மதிய உணவு நேரத்தில் நூலகத்துக்குப் போய் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் செய்தித்தாள். காது மட்டும் மேசையில்.

முதல் நாள் ஒரு அம்மாள் கேட்டாள். "தெரியலீங்க," என்றாள் ஓர்ப்படி. இரண்டாம் நாள் யாரோ கேட்டதும் ஒலிக்காத தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் இரண்டு பேரை, "உள்ளே ஆபீஸ்ல கேளுங்க," என்று அனுப்பினாள். நாலாம் நாள் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, "எல்லாரையும் என்கிட்ட ஏங்க அனுப்பறீங்க? உங்க சொந்தக்காரங்க தைச்சதுதானே?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டுப் போனார். ஜிப்புக்காரி ஒரு பக்கம் புரட்டினாள். நாலு நாளும் சாப்பாடு ருசித்தது.

ஐந்தாம் நாள் ஒரு பள்ளி ஆசிரியை, புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது யாருங்க தைச்சது? அந்த மஞ்சள் என்ன, உங்களையே குத்தற மாதிரி இருக்கு?"

ஓர்ப்படி முத்திரையை மையில் ஒற்றினாள். "என்னைத்தான் குத்துது. என் ஓர்ப்படி தைச்சது. அதோ, பேப்பர் படிக்கற மாதிரி உக்காந்திருக்காளே, அவதான். ஒன்றரை வருஷமா என் மேல இருந்த கோவத்துல தைச்சது."

ஆசிரியை சிரித்தாள். "கோவத்துலயா? எங்க வீட்ல கோவம் வந்தா தட்டுதான் உடையும்."

"நான் அவளுக்குத் தப்பா சொல்லிக் குடுத்தேன். வேணும்னேதான். எங்க என்னைவிட நல்லா தைச்சுடுவாளோன்னு பயம்." முத்திரை விழுந்தது. "பதினஞ்சு நாள்ல திருப்பிக் குடுத்துடுங்க."

ஆசிரியை பெஞ்சைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். ஜிப்புக்காரி செய்தித்தாளை இறக்கவில்லை. ஒன்றரை வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் காதில் விழுந்துவிட்டது. இனிக்கத்தான் செய்தது. ஆனால் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாளே என்று எரிச்சலாகவும் இருந்தது. பர்ஸில் இருந்த சீட்டை என்றைக்காவது ஒருநாள், நாலு பேர் இருக்கும்போது எடுத்து நீட்டலாம் என்று வைத்திருந்தாள். அதற்கு இனி வேலையில்லை. எதிரி தானாகவே வந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டிவிட்டால் ஓங்கிய கையை எங்கே வைப்பது?

இரண்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும். எழுந்து மேசைப் பக்கமாக நடந்தாள்.

"நாளைக்கும் வருவியா?" என்றாள் ஓர்ப்படி, தலையைத் தூக்காமல்.

"வருவேன். நாளைக்கும் யாராவது கேப்பாங்க."

"கேக்கட்டும். இதையேதான் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க," என்றாள் ஜிப்புக்காரி. "அந்த 'வேணும்னே'யை மட்டும் விட்டுடாதீங்க, அக்கா."